சிலைக்குள் இருக்கும் வானம்: செட்டிநாட்டில் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

காரைக்குடிக்கு வருகிறவர்கள் பெரிய வீடுகளைப் பார்க்கிறார்கள், ஆத்தங்குடித் தரையில் கால் வைத்துப் படம் எடுக்கிறார்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். வழியில் நூறு சிலைகளையாவது கடந்திருப்பார்கள். அவற்றில் பாதிக்கு மேல் சூரியன், சந்திரன், திசைகள், காலம், படைப்பு, ஊழி ஆகியவற்றைச் சொல்வதற்காகவே செய்யப்பட்டவை. "நல்லா செதுக்கியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் இதைப் படிக்கப் பெரிய சாத்திர அறிவு தேவையில்லை. இரண்டு நாள், கொஞ்சம் பொறுமை, சரியான வரிசை இருந்தால் போதும்.

அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். புதியவர்கள் எல்லோரும் சிலையின் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குவார்கள். அது மூன்றாவது வேலை. சிலை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் முதல் வேலை.

கிளம்பும் முன்

ஒரு சிறிய டார்ச், ஒரு நோட்டு, பென்சில், திசைகாட்டி உள்ள கைப்பேசி. கோயில்களைப் பெரும்பாலும் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் சாத்தி மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறப்பார்கள், அதனால் காலை ஆறரைக்குள் முதல் கோயிலில் இருங்கள். கோடையில் பத்து மணிக்கு மேல் பிராகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. டார்ச்சைச் சிலையின் நேர் எதிரே பிடிக்காதீர்கள். பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் நிழல் விழுந்து, எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்த கோடுகூட எழுந்து வரும். கருவறைப் பக்கம் டார்ச்சும் வேண்டாம், படமும் வேண்டாம். குருக்களிடம் கேட்டால் அவரே தீபத்தைத் தூக்கிக் காட்டுவார்.

முதல் படி: நோட்டில் ஒரு சதுரம்

இந்தப் பகுதி வணிகச் சமூகமான நகரத்தாரின் கோயில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. இதில் கூட்டம் குறைவான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாளுக்குப் பிள்ளையார்பட்டி வேண்டாம், அங்கே நின்று பார்க்க விடமாட்டார்கள்.

உள்ளே போனதும் நோட்டில் ஒரு சதுரம் போட்டுத் திசைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிராகாரத்தை வலமாகச் சுற்றும்போது எந்தச் சுவரில் யார் இருக்கிறார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். சிவன் கோயில் என்றால் பெரும்பாலும் இப்படி அமையும்: தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி, மேற்கில் லிங்கோத்பவர், வடக்கில் பிரம்மாவும் துர்க்கையும். கிழக்கு வாசலை ஒட்டி உள்பக்கம் சூரியனும் சந்திரனும் சுவாமியைப் பார்த்தபடி நிற்பார்கள். வடகிழக்கு மூலைப் பக்கம் வைரவர், அதாவது பைரவர்.

எழுதி முடித்ததும் அந்தச் சதுரத்தை ஒரு தடவை பாருங்கள். தெற்கு எமனுடைய திசை. சாவின் திசையை நோக்கி, வாய் திறக்காமல் ஞானம் சொல்லும் குருவாகத் தட்சிணாமூர்த்தியை உட்கார வைத்திருக்கிறார்கள். அதே சிலையைக் கிழக்கே பார்த்து வைத்தால் அந்த அர்த்தம் இல்லை. இப்படி எட்டுத் திசைக்கும் காவலர் உண்டு. கிழக்கே இந்திரன், தென்கிழக்கே அக்னி, தெற்கே எமன், தென்மேற்கே நிருதி, மேற்கே வருணன், வடமேற்கே வாயு, வடக்கே குபேரன், வடகிழக்கே ஈசானன். நம் வீட்டில் அடுப்படி ஏன் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது என்று யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை, அக்னி அங்கேதான் இருக்கிறான்.

வைரவரை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். இந்தப் பக்கத்து மக்களுக்கு அவர் மிக நெருக்கமானவர், வைரவன்பட்டி என்று ஊர்ப் பெயரே இருக்கிறது. காலபைரவர் என்றால் காலத்துக்கு அதிபதி. கோயிலை மூடும்போது சாவியை அவரிடம் ஒப்படைப்பது வழக்கம். நாள் முடிகிற இடத்தில் காலத்தை நிறுத்தியிருக்கிறார்கள்.

இரண்டாம் படி: சதுரம், எண்கோணம், வட்டம்

இது சின்னப் படிதான், ஆனால் இதைத் தவறவிட்டால் மற்றது ஒட்டாது. கருவறையில் நாம் பார்க்கும் லிங்கம் முழு லிங்கம் அல்ல. அடியில் சதுரமான பகுதி தரைக்குள் இருக்கும், அது பிரம்ம பாகம். நடுவில் எட்டுப் பட்டையான விஷ்ணு பாகம் ஆவுடை என்ற பீடத்துக்குள் மறைந்திருக்கும். மேலே உருண்டையாகத் தெரிவது மட்டும் உருத்திர பாகம். நான்கு மூலை உள்ள பூமியிலிருந்து மூலையே இல்லாத வானத்துக்கு ஒரே கல்லில் ஏறும் வழி அது.

மண்டபத் தூண்களிலும் சதுரமும் எண்பட்டையும் மாறி மாறி வருவதைப் பாருங்கள். இந்தோனேசியாவின் சாவாத் தீவில் போரோபுதூர் என்ற பெரிய பௌத்தத் தூபி இருக்கிறது. அங்கே கீழே ஆறு தளங்கள் சதுரம், மேலே மூன்று தளங்கள் வட்டம், அந்த வட்டங்களில் 72 சிறு தூபிகள். ஏறுகிறவர் சதுரத்தில் தொடங்கி வட்டத்தில் முடிக்கிறார். லிங்கத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அந்த இடத்தின் இலக்கணம் பாதி புரிந்துவிடும்.

மூன்றாம் படி: நவக்கிரகத்தைச் சுற்றாமல் நில்லுங்கள்

ஒன்பது சுற்று சுற்றுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நடுவில் சூரியன். சுற்றி எட்டுப் பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம். கோயிலுக்குக் கோயில் அமைப்பு மாறும், சில இடங்களில் எல்லோரும் சூரியனையே பார்ப்பார்கள். எந்த முறை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழு பேர் யார் என்று உங்களுக்கே தெரியும், வாரத்தின் ஏழு நாளும் அவர்கள் பெயர்தான். கண்ணால் பார்க்கக்கூடிய சூரியன், சந்திரன், ஐந்து கோள்கள். மீதி இரண்டு பேர்தான் விஷயம். ராகுவையும் கேதுவையும் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்துத் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அவை பொருட்களே அல்ல, இடங்கள். வானத்தில் சூரியன் போகும் பாதையும் சந்திரன் போகும் பாதையும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ அமைந்தால்தான் கிரகணம் வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்குப் புள்ளிக்கு உடம்பு செய்யச் சொன்னால் சிற்பி என்ன செய்வார்? பாம்பைச் செய்தார். ஒருவருக்கு மனிதத் தலையும் பாம்பு உடலும், இன்னொருவருக்குப் பாம்புத் தலையும் மனித உடலும். ஒரே உடம்பை வெட்டி இரண்டாக்கியது போல. கதையும் அதையேதான் சொல்கிறது: பாற்கடல் அமுதத்தைத் திருட்டுத்தனமாகக் குடித்த அசுரனைச் சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுக்க, திருமால் அவன் தலையைத் துண்டித்தார். அந்தக் கோபத்தில் அவன் இருவரையும் அவ்வப்போது விழுங்குகிறான். எண்ணெய் வழியும் அந்தச் சிறிய கருங்கல் உருவத்துக்குள் வானியலும் கதையும் இப்படிப் பின்னிக் கிடக்கின்றன. என்னைக் கேட்டால் நம் கோயில்களிலேயே மிகவும் துணிச்சலான சிற்பக் கற்பனை இதுதான்.

நான்காம் படி: திருமயத்தில் ஒரு முழுக் காலை

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் இருபது கிலோமீட்டர் சொச்சம். மேலே கோட்டை, கீழே ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைக் கோயில்கள். பெரும்பாலோர் கோட்டைக்கு ஏறிவிட்டு இறங்கி வருவதற்குள் கோயில் நடை சாத்திவிடுகிறது. முதல் தடவை எனக்கும் அதுதான் நடந்தது, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன். கோயில் முதலில், கோட்டை அப்புறம்.

சத்தியகிரீசுவரர் குடைவரையில் லிங்கத்துக்கு எதிர்ச் சுவரில் பெரிய லிங்கோத்பவர் இருக்கிறார். மற்ற கோயில்களில் கருவறையின் பின்சுவரில் மாடத்துக்குள் பார்ப்பீர்கள், இங்கே பாறையிலேயே ஆளுயரத்துக்கு நிற்கிறார். கதை எல்லோருக்கும் தெரிந்தது. நெருப்புத் தூணாக நின்ற சிவனின் அடியைத் தேடிப் பன்றியாகத் திருமால் பூமியைத் துளைத்துப் போனார், முடியைத் தேடி அன்னமாகப் பிரம்மா பறந்து போனார், இருவருக்கும் கிடைக்கவில்லை. சிற்பிக்கு இதில் இருக்கும் சிக்கலை யோசியுங்கள். தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரு தூணை நான்கு முழக் கல்லில் காட்ட வேண்டும். வழக்கமாக அவர்கள் கண்ட வழி, உருவத்தின் பாதத்தையும் தலையுச்சியையும் தூணுக்குள்ளேயே புதைத்துவிடுவது. இனி எந்தச் சிவன் கோயிலில் லிங்கோத்பவரைப் பார்த்தாலும் பாதம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

பக்கத்தில் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலில் அனந்தசயனம். உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. அவசரப்படாமல் இருட்டில் இரண்டு நிமிடம் நில்லுங்கள், கண் பழகும். முதலில் பாம்பின் சுருள், அப்புறம் நீண்டு கிடக்கும் திருமேனி, அப்புறம் பின்சுவர் முழுக்க நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். தீபம் நகரும்போது ஆதிசேடனின் வாயைப் பாருங்கள். அங்கிருந்து நெருப்பு கிளம்புகிறது. கால்மாட்டில் மது, கைடபன் என்ற இரண்டு அசுரர்கள் ஓடுகிறார்கள். பெருமாள் கண்ணைத் திறக்கவில்லை, கையை ஓங்கவில்லை. ஓர் ஊழி முடிந்து அடுத்த படைப்பு தொடங்குவதற்கு நடுவே உள்ள தூக்கம் அது. அந்தத் தூக்கத்தைக் கலைக்க வந்தவர்களைப் படுக்கையே விரட்டுகிறது. உந்தித் தாமரையில் பிரம்மா இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. ஒரே பாறையில் இந்தப் பக்கம் அளக்க முடியாத இடம், அந்தப் பக்கம் அளக்க முடியாத காலம். இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிட முடிகிற ஊர் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

இன்னும் ஒரு மாலை மிச்சம் இருந்தால் திருப்பத்தூர் பக்கம் திருக்கோஷ்டியூருக்குப் போங்கள். இராமானுசர் எட்டெழுத்துத் திருமந்திரத்தை ஊரறியச் சொன்ன தலம். அங்குள்ள அட்டாங்க விமானத்தில் அடுக்கடுக்காகப் பெருமாள் இருக்கிறார்: கீழே ஆடும் கண்ணன், அது பூலோகம், அதற்கு மேல் பள்ளிகொண்ட கோலம், திருப்பாற்கடல், அதற்கு மேல் நின்ற கோலம், தேவலோகம், உச்சியில் அமர்ந்த கோலம், வைகுந்தம். படியேறும்போது ஒவ்வோர் உலகமாகக் கடக்கிறீர்கள். குறுகலான படி, வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

ஐந்தாம் படி: வாசலுக்கு மேலே

கோயிலை விட்டு வீட்டுக்கு வருவோம். செட்டிநாட்டு வீட்டில் நிலைவாசலுக்கு மேலே செதுக்கிய பலகை ஒன்று இருக்கும். அதற்குச் சூரியப் பலகை என்றே பெயர். எங்கள் தெருவில் கிழக்குப் பார்த்த ஒரு வீட்டு முகப்பில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு ஆச்சி வெளியே வந்தார். "தம்பி, மத்தியானம் வந்து பாத்தா என்ன தெரியும்? காலைல ஆறு மணிக்கு வாங்க, வெயில் நேரா லெட்சுமி மேலதான் விழும்" என்றார். மறுநாள் போனேன். தேக்கு மரத்தில் நடுவே கஜலட்சுமி, இரு பக்கமும் துதிக்கையைத் தூக்கிய யானைகள். வெயில் பட்டதும் யானையின் துதிக்கையிலிருந்து வழியும் நீரின் மெல்லிய வரிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அதுவரை நான் அதை வெறும் கொடி வேலைப்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த யானைகள் மழை மேகம். தாமரை மேல் உட்கார்ந்திருப்பவள் மழை வாங்கும் பூமி. கண்மாயை நம்பி வாழ்ந்த வறண்ட சீமையில் வாசலுக்கு மேலே மழையைச் செதுக்கி வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

அதேபோல் கோயில் மாடங்களின் மேலே தோரணத்தின் உச்சியைப் பாருங்கள். பிதுங்கிய கண்ணும் விரிந்த வாயுமாக ஒரு முகம். கீர்த்திமுகம் என்பார்கள், சிங்கமுகம் என்றும் சொல்வார்கள். இரு ஓரங்களில் மகரம் என்ற கடல் விலங்கு. சாவாத் தீவுக் கோயில்களிலும் வாசலுக்கு மேலே இதே முகம், இதே மகரம். அங்கே அந்த முகத்துக்குக் காலன் என்று பெயர். எல்லாவற்றையும் விழுங்கும் காலத்தின் வாய்க்குக் கீழேதான் உள்ளே நுழைகிறோம்.

ஆறாம் படி: கடல் தாண்டி ஒப்பிடும்போது

கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சைகோனுக்கும் போய் வந்தவர்களின் ஊர் இது. வெளியூர்ச் சிலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை இங்கே இயல்பாகவே வரும். வரட்டும். ஒரே ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள்: இரண்டு ஊருக்கும் நடுவே பாதை இருந்ததா?

பாதை இருந்த உதாரணம் ராசிச் சக்கரம். சில கோயில்களில் மண்டப விதானத்தில் பன்னிரண்டு ராசியும் செதுக்கியிருக்கும். இல்லாவிட்டாலும் மளிகைக் கடைக் காலண்டரில் கட்டாயம் இருக்கும். எகிப்தில் தெந்தேரா கோயில் விதானத்தில் இருந்த வட்ட ராசி மண்டலம் இப்போது பாரிசு லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 50ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதிலும் ஆடு, காளை, நண்டு, சிங்கம், தராசு, தேள், வில்லாளி, இரட்டை மீன். மிதுனம் அங்கேயும் கைகோத்த ஆணும் பெண்ணும்தான். மகரம் மட்டும் அங்கே ஆட்டின் முன்னுடலும் மீனின் வாலும். நம் ஊரில் அது முதலைச் சாயலில் கடல் விலங்காகிவிட்டது. இது தற்செயல் அல்ல. பாபிலோனில் தொடங்கி கிரேக்கர் வழியாக எகிப்துக்கும் இந்தியாவுக்கும் வந்த ஒரே சக்கரம் அது. நேப்பிள்சு அருங்காட்சியகத்தில் அட்லசு என்ற பளிங்குச் சிலை தோளில் சுமக்கும் வானக் கோளத்திலும் அதே ராசிகளைக் காணலாம்.

கம்போடியாவின் அங்கோர் வாட்டுக்கும் பாதை உண்டு. 12ஆம் நூற்றாண்டுத் திருமால் கோயில். நடுவில் ஐந்து கோபுரங்கள் மேரு மலையின் சிகரங்களைக் குறிக்கின்றன. பாற்கடல் கடையும் காட்சி சுவரில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் போகிறது. நம் ராகு பிறந்த அதே கதை. அங்கேயும் முதல் படியை மறக்காதீர்கள். அந்தக் கோயில் மேற்குப் பார்த்தது. மேற்கு வாசலில் நின்றால், பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் மாத நாளை ஒட்டி, சூரியன் நடுக் கோபுர உச்சிக்கு மேலே எழும். கொணார்க்கில் ஏழு குதிரைகளும் 24 சக்கரங்களும் பூட்டிய தேராகவே 13ஆம் நூற்றாண்டில் ஒரு கோயிலைக் கட்டினார்கள். நம் சூரியன் சிலையின் பீடத்தில் ஏழு குதிரைகளை எண்ணிப் பார்த்தவருக்கு அது சொந்த ஊர் போலத் தோன்றும்.

இனி, பாதையே இல்லாத உதாரணம். மெக்சிகோ நகரின் நடுச் சதுக்கத்தில் 1790இல் தோண்டியெடுத்த அசுடெக் சூரியக் கல். குறுக்களவு ஏறத்தாழ 3.6 மீட்டர், எடை 24 டன் அளவு. நடுவில் நாக்கை நீட்டிய முகம், சுற்றி முன்பு அழிந்துபோன நான்கு சூரிய யுகங்கள், அதற்கு வெளியே 20 நாட்களின் குறிகள். நான்கு யுகம் என்றதும் நம் கிருத, திரேதா, துவாபர, கலி நினைவுக்கு வரும். அங்கே நடப்பது ஐந்தாவது, நமக்கு நடப்பது நான்காவது. அவர்களுக்கும் நமக்கும் போக்குவரத்து இருந்ததில்லை. ஒரே சூரியனை இரண்டு மக்களும் தனித்தனியாகப் பார்த்து, உலகம் தொடங்கி அழிந்து மீண்டும் தொடங்கும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். "எல்லாம் இங்கிருந்துதான் போச்சு" என்று வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்படிச் சொல்வதால் நம் சிற்பிகளுக்குப் பெருமை கூடுவதில்லை, அசுடெக் சிற்பியின் உழைப்பு மட்டும் காணாமல் போகிறது.

ஏழாம் படி: நடராசர், கடைசியில்

எல்லோரும் முதலில் தேடுவது இவரைத்தான். நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே சொன்ன எல்லாமே இவரிடம் சேர்ந்து வருகின்றன. முதலில் திசை: தெற்குப் பார்த்தவர். அப்புறம் வடிவம்: சுற்றிலும் சுடர் விடும் வட்டத் திருவாசி. இப்போது கைகளுக்கு வரலாம். பின் வலக்கையில் உடுக்கை, அதன் ஒலியிலிருந்து படைப்பு. முன் வலக்கை அஞ்சேல் என்கிறது, அது காத்தல். பின் இடக்கையில் நெருப்பு, அழித்தல். ஊன்றிய பாதத்தின் கீழே முயலகன், அது மறைத்தல். தூக்கிய பாதம் அருளல், முன் இடக்கை அதைத்தான் சுட்டிக்காட்டுகிறது. உடுக்கைக் கையும் நெருப்புக் கையும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதைக் கவனியுங்கள். படைப்பும் அழிவும் ஒரே தராசின் இரு தட்டு.

செனீவாவில் உள்ள செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வு மையத்தில் 2004 ஜூன் 18 அன்று இந்திய அரசு அளித்த 2 மீட்டர் உயர நடராசர் நிறுவப்பட்டார். அணுத்துகள்களின் ஓயாத அசைவுக்கு அந்த ஆட்டம் ஓர் அழகான உவமை என்பதால் அங்கே நிற்கிறார். சோழர் காலத்துச் சிற்பி அணுவைக் கண்டுபிடித்தார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒரு கணம்கூட நிற்காத உலகத்தை, அசையவே முடியாத உலோகத்தில் வார்த்துக் காட்டினார். எனக்கு அது போதும்.

முடிந்தால் மார்கழித் திருவாதிரைக்கு வாருங்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடியில் கிழக்கே பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள், அதற்குப் பக்கத்தில் செந்நிறமாக ஒன்று. அதுதான் திருவாதிரை. அருகிலேயே பௌர்ணமியை ஒட்டிய நிலாவும் இருக்கும், வெளிச்சம் கண்ணைக் கூசினால் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். விடியலுக்கு முன் கோயிலுக்குப் போய் அபிஷேகம் பாருங்கள். பாலும் விபூதியும் சந்தனமுமாக மாறி மாறி வழிந்து, உடுக்கை ஏந்திய விரல்கள் மறைந்து மறைந்து வெளிப்படும். தீபாராதனை முடிந்து வெளியே வந்ததும் இந்தத் தடவை மேற்கே திரும்புங்கள். இரவு கிழக்கே பார்த்த அதே சிவப்பு நட்சத்திரம் இறங்கத் தொடங்கியிருக்கும். நோட்டில் முதல் நாள் போட்ட சதுரத்துக்குப் பக்கத்தில் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் களியும் தாளகக் குழம்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.